அந்தப் பாட்டிலில் என்ன என்று முருகனிடம் கேட்டோம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் சுழி போட்டு நாலு வரி எழுதுவேன். பிறகு கை ஓடாது. தாளை மடித்துப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை அலமாரி துடைக்கும்போது என் மனைவி அந்தத் தாள்களை எடுத்து உதறி, திரும்ப அதே இடத்தில் வைப்பாள். எழுதி முடித்தாயிற்றா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் பத்தாம் வகுப்புத் தேறாதவன். கன்னட நகரம் ஒன்றில், ஈஜிபுரா என்கிற பேட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். தயங்கியதற்குப் படிப்பு காரணமில்லை. எழுதினால் முருகனைக் குறை சொன்னதாகச் சிலர் நினைப்பார்கள். டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் நினைப்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னைக் கட்டிப்போட்டது ஒரு வாக்கு.

எங்கள் பஜனைக் குழுவில் டோலக் வாசித்த அண்ணன் ஒருவருக்கு மாரடைப்பு வந்தபோது, ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக ஒரு பாட்டில் மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பாட்டிலில் இருந்தது மருந்தா, வெறும் மாத்திரையா என்பது எனக்குத் தெரியும். அவர் மனைவிக்கு அப்போது தெரியாது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியிடம் சொல்லாதே என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். சொன்னால் அண்ணியின் மனசு உடையும். சொல்லாவிட்டால் வேறு யாருடைய உயிருக்கோ ஆபத்து வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்தேன்.

முதலில் படுத்தவன் நான்தான். காலையில் வண்டியைத் துடைத்து, முன்கண்ணாடியில் இருக்கிற வேலுக்குப் பூ வைத்துவிட்டு, முதல் குழந்தையை ஏற்றப் புறப்பட்டேன். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துகிற மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பி ஓமத் தண்ணி கேட்டேன். என் மனைவி தண்ணி எடுக்கப் போகவில்லை. என் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். "சட்டை பிழியற மாதிரி நனைஞ்சிருக்கு. வாயுவாம் வாயு" என்றாள். அடுத்த நிமிஷம் தெருமுனையிலிருந்து ஆட்டோவோடு வந்தாள். வண்டியில் அப்போது ஒரு குழந்தைகூட ஏறியிருக்கவில்லை என்பதை நினைத்து இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. கை வழியாகக் கம்பி விட்டு அடைப்பை விலக்கி, ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து வார்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கன்னடக்காரர், தமிழைத் தட்டித்தடவிப் பேசுவார். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, இஷ்டமிருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ரத்தம் போகாத நேரத்தில் இதயத்தின் தசையில் கொஞ்சம் செத்துவிடுகிறது. அடிபட்ட முட்டி வீங்குவதுபோல, செத்த இடத்தைச் சுற்றி உள்ளேயும் வீக்கம் வருகிறது. அந்த வீக்கத்தைக் குறைத்தால் மிச்சமிருக்கிற தசை பலமாக இருக்குமா என்பது கேள்வி. வேறு நோய்க்குப் பல காலமாகக் கொடுத்துவருகிற ஒரு மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

என் மனைவி விடவில்லை. தெரிந்தே ஒரு நோயாளிக்கு வெறும் மாத்திரை கொடுப்பது பாவமில்லையா என்று கேட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை.

"தெரிஞ்சு கொடுக்கல்லம்மா. நனகூ கொத்தில்லா. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சா என் கண்ணே பொய் சொல்லும். மருந்து சாப்பிட்டவர் நல்லா இருக்கார்னு எனக்குத் தோணிடும். அதுக்குத்தான் எனக்கும் சொல்ல மாட்டாங்க."

பிறகு விரலை நீட்டி அழுத்திச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்கு என்று கவரில் கொடுக்கிற மற்ற மாத்திரைகள் எல்லாருக்கும் உண்டு. அவை நிஜ மாத்திரைகள். ஆராய்ச்சிப் பாட்டிலை வேண்டுமானால் என்றைக்கும் விட்டுவிடலாம். அவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக்கூடாது. நான் கையெழுத்துப் போட்டேன். என் உடம்பால் நாளைக்கு யாராவது ஒருத்தர் பிழைத்தால் அதுவும் ஒரு கைங்கரியம்தானே என்று தோன்றியது.

அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டையான உடம்பு, கணீரென்ற சிரிப்பு. சனிக்கிழமை பஜனையில் அவர் டோலக்கை மடியில் வைத்தால்தான் கூட்டத்துக்குக் களை வரும். "ரெஸ்ட் வேணும்னா லீவு கேட்கலாமே தம்பி, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று சொல்லிப் பக்கத்துக் கட்டில்காரரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அதே வார்டில் அவரும் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்தார். நான் திருநீறு எடுத்துக்கொண்டு போனபோது, "இடம் வசதியாயிருக்குன்னு நீதானே சொன்னே" என்றார். அவரும் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

டாக்டரம்மா அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே இருந்தேன். கம்ப்யூட்டர் யாருக்கு எதைக் கொடுக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றதும் அண்ணன் சிரித்தார். "புரிஞ்சுதும்மா. எங்க கோயில்ல பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி." டாக்டரம்மாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அண்ணனே சொன்னார். கல்யாணமோ வீடோ, ஒரு காரியத்தில் மனசு குழம்பினால் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று எடுத்துத் தனித்தனியாக இலையில் சுற்றி, பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி கட்டிச் சாமி காலடியில் வைப்போம். ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அது சாமி உத்தரவு. டாக்டரம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அதன்பிறகு தமிழ் பேசுகிற நோயாளிகளிடமெல்லாம் "பூ கட்டிப் பார்க்கிற மாதிரி" என்றே சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனுக்கு இரண்டு தொந்தரவு. வயிறு எரிந்தது. கையிலும் முழங்காலிலும் அடிபடாமலே நீலமாகத் திட்டுத்திட்டாக வந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைக்கு அப்படி வரும், வந்து காட்டுங்கள் என்று எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் அண்ணனிடமும் சொன்னேன். அடுத்த தடவை போகும்போது காட்டுகிறேன் என்றார். அண்ணிக்கு அந்த நீலத் திட்டைப் பார்க்கப் பார்க்கப் பயம். எதைத் தின்றதால் இது வருகிறது, அந்தப் பாட்டிலில் இருப்பது மருந்துதானா, இல்லை வெறுமனே எதையோ தினமும் விழுங்குகிறாரா என்று மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு நாள் கோயிலில் என் மனைவியிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் பூப் போடலாம், நம்ம அப்பன் போடக்கூடாதா?"

என் மனைவி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் முகம் சரியாயில்லை. எனக்கும் கேட்டுப் பார்க்கலாமா என்று நான் இழுத்தேன். "வேணாங்க" என்றாள். "கொடுத்தவங்களே தெரியாதுன்னு சொல்றாங்க. சாமியைப் போயி எதுக்கு சாட்சிக்கு இழுக்கணும்? மாத்திரையைப் போடுங்க, அப்புறம் கும்பிடுங்க. ரெண்டும் தனித்தனி வேலை." அவள் என்னைவிடப் பக்தி உள்ளவள். கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டாள். அவள் சொன்னதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் அண்ணி கேட்டார். கிருத்திகை அன்று சாயங்காலம், பஜனை முடிந்து, தீபாராதனை ஆனபிறகு. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மருந்து, செவ்வரளி வந்தால் வெறும் மாத்திரை என்று அண்ணியே சாமிமுன் சத்தமாகச் சொன்னார். வாழையிலைத் துண்டில் கட்டிய இரண்டு பொட்டலம். சுண்டலுக்காக நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் வலது பக்கத்துப் பொட்டலத்துக்குக் கையை நீட்டி, மனசு மாறி இடது பக்கத்தை எடுத்தாள். பிரித்தார்கள். செவ்வரளி.

அண்ணன் சிரித்தார். "நல்லதாப் போச்சு. வெறும் மாத்திரைன்னா கெடுதலும் இல்லையே." கூட்டத்தில் எல்லாரும் சிரித்தோம். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகல். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வண்டியைச் சந்தில் நிறுத்துகிறேன். அண்ணி தலைமுடி கலைந்து, செருப்பு இல்லாமல் ஓடிவந்தார். அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கி வேனில், குழந்தைகள் உட்கார்கிற நீளச் சீட்டில் படுக்க வைத்தோம். யாரோ ஒரு பிள்ளை மறந்து விட்டுப்போன தண்ணீர் பாட்டில் அவர் தலைமாட்டில் உருண்டது. பல வருஷமாகக் கட்டி முடியாத மேம்பாலத் தூண்களுக்கு நடுவே வண்டி நகர மறுத்தது. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வாயில் கந்தா, கந்தா என்பதைத் தவிர வேறு வரவில்லை.

பின்னாலிருந்து அண்ணி அழுதுகொண்டே சொன்னார். "எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டோம் தம்பி. அந்தப் பாட்டில் வெறும்னு முருகன் சொல்லிட்டாரில்ல. அதே ரூம்ல கொடுத்த மத்ததும் வெறுமாத்தானே இருக்கும்? திருநீறு மட்டும் ஒரு மண்டலம் கொடுக்கலாம்னு வேண்டிக்கிட்டேன். திட்டெல்லாம் மறைஞ்சு நல்லாத்தான் இருந்தாரு."

பாட்டிலைப் பற்றித்தான் பூவிடம் கேட்டார்கள். கவரில் இருந்த மாத்திரைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்கு வந்த பதிலை எல்லாவற்றுக்கும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். மறுபடியும் கம்பி விட்டு எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இதயத்தில் பெரிய பகுதி செத்துவிட்டது. டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டதும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். என்னிடம், "பூன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது அல்லவா?" என்று கேட்டார். அது அண்ணன் சொன்ன வார்த்தை, உங்களுடையது இல்லை என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. சனிக்கிழமை கோயிலுக்கு நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டிவருவோம். டோலக்கை இன்னொருத்தர் வாசிப்பார். அண்ணனின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டும், பாதிப் பாட்டில் ஓய்ந்துவிடும்.

அதன்பிறகு ஊர் வாய். ஆராய்ச்சி என்று சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்து என் புருஷனை எலி மாதிரி ஆக்கிவிட்டார்கள், முருகன் முன்கூட்டியே சொன்னார் என்று அண்ணி எல்லாரிடமும் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அந்தப் பேச்சு தெருத்தெருவாகப் போயிற்று. போகிற வழியில் என்னையும் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் என் வேனில் வருகிற ஒரு குழந்தையின் அம்மா, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். ஈஜிபுராவில் ஒரு வேன் டிரைவர், ஹார்ட் அட்டாக் வந்தவர், மாத்திரையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டுத் திருநீறு மட்டும் சாப்பிட்டுக் கல்லுமாதிரி இருக்கிறாராம்.

அது நான்தானம்மா, கொட்டவெல்லாம் இல்லை, மாத்திரை இதோ சட்டைப் பையில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லண்ணா, அது வேற யாரோ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் சிரிப்பு போய்விட்டது. அந்தப் பதிவைக் கேட்டு எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தினார்களோ.

ஆராய்ச்சியில் எங்கள் பங்கு முடிந்ததும், சாப்பிட்டது எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணி வரமாட்டேன் என்றார். அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சபதம். அண்ணனை என் வேனில் கூட்டிப்போனேன். உள்ளே தனியாகப் போக முடியாததால் என்னையும் கூடவே இருக்கச் சொன்னார். டாக்டரம்மா முதலில் என்னுடையதைச் சொன்னார். வெறும் மாத்திரை. அத்தனை நாளும் நான் சாமி கும்பிட்டுவிட்டு விழுங்கியது மருந்தே இல்லை. பிறகு அண்ணனைப் பார்த்து, கட்டாயமில்லை, வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன் என்றார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன்.

"உங்களோடது நிஜ மருந்து."

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்போ அதை விடாம சாப்பிட்டிருந்தா நல்லா இருந்திருப்பேனா?"

அது தெரியாது என்றார் டாக்டரம்மா. அதற்காகத்தான் பல ஊரில் பல பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், உங்களையும் இவரையும் மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, இவர் நன்றாக இருப்பதற்கு வெறும் மாத்திரை காரணமும் இல்லை என்றார். பிறகு, "அந்தப் பாட்டில் இல்ல சார். மத்த மாத்திரையை நிறுத்தினது. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

வண்டியில் ஏறியதும் அண்ணன் என் கையைப் பிடித்தார். "அவகிட்ட இதைச் சொல்லாதே தம்பி. எனக்காகச் சாமிகிட்ட போயி நின்னவ அவ. முருகனே அப்படிச் சொல்லிட்டார்னு நம்பினா. இப்போ பூ தப்புன்னு தெரிஞ்சா, அவ யார்கிட்ட போவா? என்கிட்டயும் வர முடியாது, அவர்கிட்டயும் போக முடியாது." நான் வேல்மேல் சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். முன்கண்ணாடியில் வேல் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கும்பிட நின்றால் மனசு கேள்வி கேட்டது. பூ ஏன் சிவப்பாக வந்தது? அந்தக் குழந்தையின் கை வலது பக்கம் போய் ஏன் இடது பக்கம் திரும்பியது? திருப்பியது நீயா? நீ இல்லாவிட்டால் நான் இத்தனை வருஷம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? பஜனையில் வாய் பாடும், நெஞ்சு ஒட்டாது. முருகனிடமே கோபித்துக்கொண்டு சில நாள் கோயில் பக்கம் போகாமலும் இருந்தேன். போகாவிட்டால் இன்னும் மோசமாக இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஓசூரில் இருக்கிற அவருடைய கூடப்பிறந்த அண்ணனுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் கையில் நீலத் திட்டு. மாத்திரையை விட்டுத் திருநீறால் பிழைத்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது, தங்கையிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

"நிறுத்திடச் சொல்லலாம்னு இருக்கேன் தம்பி. ஆனாலும் ஒரு வார்த்தை அப்பன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லிடலாம். இன்னிக்கிச் சாயங்காலம் பூக்கட்டிப் பார்ப்போம். வண்டி எடுத்துட்டு வாங்க, இவரையும் கூட்டிட்டுப் போயிடலாம்."

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வெளியே கம்பியில் காய்கிற துணியைப் பார்த்தார். அண்ணி காபி கொண்டுவர உள்ளே போனார். நான் அண்ணனிடம் குனிந்து, நீங்கள் சொல்கிறீர்களா, நான் சத்தியத்தை மீறட்டுமா என்று கேட்டேன். அதற்குள் அண்ணி டம்ளரோடு திரும்பி வந்தார்.

"இங்க வந்து உக்காரு" என்றார் அண்ணன்.

"காபி ஆறிடும்."

"ஆறட்டும். உக்காரு." அண்ணி உட்கார்ந்தார். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "என் பாட்டில்ல இருந்தது நிஜ மருந்து. வெறும் மாத்திரை இவனுக்கு. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். உங்க அண்ணனை மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே. நிறுத்தினதாலதான் எனக்கு இப்படி ஆச்சு."

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். டம்ளரைத் தரையில் வைத்தார். அது தரையில் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். எழுந்து போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. "அண்ணா, மாத்திரையை விட்டுடாதே. திட்டைக் கொண்டுபோய் அந்த டாக்டர்கிட்டயே காட்டு. இல்ல, பூவெல்லாம் கேட்கல. வேணாம். நான் சொல்றேன், விடாதே." பிறகு வெகு நேரம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அண்ணி அதன்பிறகு சில மாதம் கோயிலுக்கு வரவில்லை. வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றுவார் என்று அண்ணன் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமல், அண்ணனை நாற்காலியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். சந்நிதிக்கு முன்னால் நின்றார். கண்ணை மூடவில்லை. நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் மறு வருஷம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய இதயம் அதற்குமேல் தாங்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நான் யோசித்து யோசித்து ஒரு இடத்துக்கு வந்திருக்கிறேன். சரியா தவறா என்று படித்தவர்கள் சொல்லட்டும். வெள்ளை என்றால் மருந்து, சிவப்பு என்றால் வெறும் மாத்திரை என்று வைத்தது நாங்கள். முருகன் வைக்கவில்லை. செவ்வரளி அவருக்கு உகந்த பூ. வேறு நாளில் அது கையில் வந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு நல்ல சகுனம் என்றிருப்போம். அவர் தன் பூவைக் கொடுத்தார், அதற்கு அர்த்தம் எழுதியது நாங்கள். இப்படி நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. முழு ஆறுதல் இல்லை. அவர் நினைத்திருந்தால் அந்தச் சின்னப் பெண்ணின் கையைத் திருப்பாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு குரல் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தக் குரலோடுதான் நான் தினமும் திருநீறு பூசுகிறேன். என் மனைவி சொன்னதுபோல, முதலில் மாத்திரை, பிறகு கும்பிடுதல்.

ரகசியம் உடைந்த பிறகும், அண்ணன் போன பிறகும், அண்ணியை நினைத்தால் என்னால் எழுத முடியவில்லை. போன தைப்பூசத்தன்று அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓசூர் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அந்த ஓசூர் அண்ணன் நன்றாக இருக்கிறார், மாத்திரை விடுவதில்லை. பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், அண்ணனுக்கு நடந்ததை எழுதப் பார்க்கிறார், முடியவில்லை என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

அண்ணி ஒரு தாளை எடுத்து மடிப்பை நீவினார். "எழுதுங்க தம்பி. பேர் போடாதீங்க. பூ பொய் சொல்லிச்சுன்னு எழுதாதீங்க. டாக்டருங்க கொன்னாங்கன்னும் எழுதாதீங்க, அதை நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். நடந்ததை மட்டும் எழுதுங்க. நான் கேட்டது, வந்தது, நான் நிறுத்தினது. எனக்குப் பரிதாபப்பட்டு ஒண்ணையும் மறைக்காதீங்க" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வேண்டியவர்களிடம் சொல்லுங்கள், பஜனையில் வாசித்துக் காட்டுங்கள், போனில் அனுப்புங்கள். ஆனால் பூவை எடுத்துவிட்டு மாத்திரையை மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரையை எடுத்துவிட்டுப் பூவை மட்டும் சொல்லாதீர்கள். என்னை அதிசயமாகப் பிழைத்தவனாக ஆக்காதீர்கள், அண்ணியைத் தப்புச் செய்தவராக ஆக்காதீர்கள். வாய்க்கு வாய் மாறின பேச்சு ஓசூர் வரைக்கும் போய் ஒரு உயிரின் பக்கத்தில் நின்றதை நான் பார்த்தேன். இருக்கிறது இருக்கிறபடியே போகட்டும். முருகன் சாட்சியாக, நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.